புறக்கடைக் கோழிக்குப் பூச்சி மருந்து: கடையில் நாலு விதம் காட்டுகிறார்கள், எதை வாங்குவது?

கூண்டுக்காரன்22
எல்லோருக்கும் வணக்கம். விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவிடைப் பெட்டை 12, சராசரி ஒன்றரை கிலோ. சேவல் 2, ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ. மூன்று மாத விடலை 8, தலா 800 கிராம். பகல் முழுக்க மேய்ச்சல், ராத்திரி கூண்டு. தீனி நன்றாக எடுக்கின்றன, ஆனால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்துகிறது. கொண்டை வெளுத்திருக்கிறது, முட்டை பாதியாகிவிட்டது. இரண்டு மூன்று கோழியின் எச்சத்தில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

கடையில் பைப்பரசின் பாட்டில், லெவமிசோல் பவுடர், ஆல்பெண்டசோல் 2.5% திரவம், ஐவர்மெக்டின் ஊசி மருந்து என்று நாலு இருக்கிறது. எது வேண்டும்? தண்ணீரில் கலப்பதா, தீவனத்திலா? முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

எச்சப்பரிசோதனை
மருந்துக்கு முன்னால் எந்தப் புழு என்று பார்த்துவிடலாம் தம்பி. ஏனென்றால் அந்த நாலில் மூன்று, அரிசி மாதிரி தெரிகிறதே, அதைத் தொடவே தொடாது. மிச்சமுள்ள ஆல்பெண்டசோலும் அரைகுறைதான்.

நம் பக்கத்து மேய்ச்சல் கோழியில் அடிக்கடி பார்ப்பது இவை:

உருண்டைப்புழு, அஸ்காரிடியா. சிறுகுடலில் இருக்கும். வெள்ளை சேமியா மாதிரி, 5 முதல் 12 செ.மீ. வரை நீளம். கண்ணாலேயே தெரியும்.

குருட்டுக்குடல் புழு, ஹெட்டராகிஸ். சுமார் ஒரு செ.மீ. நீளத்தில் மெல்லிய வெள்ளை நூல், குருட்டுக்குடலின் நுனியில் கூட்டமாகக் கிடக்கும். கோழிக்குப் பெரிய கேடு இல்லை. ஆனால் இதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற கிருமி ஒளிந்து வான்கோழிக்குப் போகும். கோழியும் வான்கோழியும் ஒரே தரையில் மேயக்கூடாது என்பது இதனால்தான்.

மயிர்ப்புழு, கேப்பிலேரியா. வெறுங்கண்ணுக்குச் சிக்காது. கோழி ரொம்ப மெலிந்து, புழு ஒன்றும் தெரியவில்லை என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

நாடாப்புழு, பெரும்பாலும் ரைலிட்டினா வகை. எச்சத்தில் அரிசி மாதிரி வருவது இதன் துண்டுகள். புதிதாக விழுந்த எச்சத்தில் அந்த அரிசி மெல்ல சுருங்கி நீள்வதைப் பார்க்கலாம். காய்ந்த பிறகு எள் அளவுக்கு மஞ்சளாகிவிடும். நாளைக் காலை கூண்டைத் திறந்தவுடன் டார்ச் அடித்துப் பாருங்கள். அசைந்தால் சந்தேகமே வேண்டாம்.

எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் சுலபம். காலையில் 8, 10 கோழியின் புது எச்சத்தை ஒவ்வொரு சிட்டிகை எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். அதில் காப்பித்தூள் விழுது மாதிரி பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும் எச்சமும் கொஞ்சம் இருக்கட்டும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. அன்றே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் பார்ப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருந்தால் அங்கும் கேளுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். நாடாப்புழு முட்டை உப்புக்கரைசல் சோதனையில் பெரும்பாலும் மிதந்து வராது, துண்டோடு சேர்ந்தே வெளியேறும். ஆகவே அறிக்கையில் நாடாப்புழு இல்லை என்று வந்தாலும், கண்ணால் பார்த்த அரிசியை நம்புங்கள்.

கரிசல்காடு
செத்த கோழி ஏதாவது கிடைத்தால் அதைவிட நல்ல அறிக்கை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, சிறுகுடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து, கறுப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். உருண்டைப்புழு உடனே தனியாக வரும். நாடாப்புழு குடல் சுவரில் தலையைப் புதைத்திருக்கும், வாலெல்லாம் ரிப்பன் மாதிரி தண்ணீரில் ஆடும். குடலின் வெளிப்பக்கம் சின்னச்சின்ன முடிச்சு தெரிந்தால் ரைலிட்டினாவில் ஒரு வகை முடிச்சு போடும், அதுவாக இருக்கலாம். காசநோயிலும் இப்படி முடிச்சு வரும் என்பதால் அந்தக் குடலை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரே நாளில் நாலைந்து செத்தால் மட்டும் அறுக்காதீர்கள். நேரே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மருந்துக்கடை_நண்பர்
அந்த நாலு மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பைப்பரசின்: உருண்டைப்புழுவுக்கு மட்டும். அதிலும் வளர்ந்த புழுவுக்கு மட்டும். புழுவைக் கொல்லாது, மரக்கச் செய்யும். பிடி விட்ட புழு எச்சத்தோடு வெளியே போகும். குடல் சுவருக்குள் இருக்கும் இளம்புழு தப்பிவிடும் என்பதால் 2, 3 வாரத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆறு வாரத்துக்குக் கீழே குஞ்சுக்கு 50 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி. என்பது ஒரு கோழிக்கான கணக்கு, பைப்பரசின் பேஸ், அதாவது அசல் மருந்தின் அளவில். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். லேபிளில் ஹெக்சாஹைட்ரேட் என்று போட்டிருந்தால் அதில் 44 சதவீதம்தான் பேஸ். 100 மி.கி. பேஸ் வேண்டுமென்றால் ஹெக்சாஹைட்ரேட் 227 மி.கி. பார்க்க வேண்டும்.

லெவமிசோல்: உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு இரண்டுக்கும் நன்றாகக் கேட்கும், மயிர்ப்புழுவுக்குச் சுமார். கிலோவுக்கு 25 மி.கி. தண்ணீரில் நன்றாகக் கரையும், அதுதான் இதன் பலம். கசக்கும், அது பலவீனம். அளவு கூடினால் எச்சில் வடிதல், தள்ளாட்டம் வரும். வாடிப்போன கோழிக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

ஆல்பெண்டசோல்: உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு, மயிர்ப்புழு எல்லாவற்றுக்கும். கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. நாடாப்புழுவுக்கு 20 மி.கி. கொடுத்தாலும் சில நேரம் உடல் துண்டு உதிர்ந்து, தலை மட்டும் நின்றுவிடும். தலை நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அரிசி.

ஐவர்மெக்டின்: கோழியின் குடற்புழுவுக்கு இதை வாங்காதீர்கள். நாடாப்புழுவுக்குச் சுத்தமாக வேலை இல்லை, உருண்டைப்புழுவுக்கும் நம்ப முடியாது. 1% ஊசி மருந்து மாட்டுக்கான செறிவு. கிலோவுக்கு 0.2 மி.கி. என்று வைத்தால் ஒன்றரை கிலோ கோழிக்கு 0.03 மி.லி. ஒரு துளியே 0.05 மி.லி. இருக்கும். எப்படி அளப்பது? மஞ்சள் கருவில் நாள்கணக்கில் தங்கும் என்பது வேறு.

கூண்டுக்காரன்22
அப்படியென்றால் ஆல்பெண்டசோல் 2.5% பாட்டிலை எடுத்துக்கொண்டு குடிதண்ணீரில் கலக்கட்டுமா?

முற்றத்துக்கோழி
தண்ணீரில் வேண்டாம் தம்பி. ஆல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது. பாட்டிலில் பாலாக இருப்பது, தூளைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர்த் தட்டில் ஊற்றினால் கால் மணி நேரத்தில் அடியில் மாவாகப் படிந்துவிடும். முதலில் குடிக்கும் கோழிக்கு வெறும் தண்ணீர். கடைசியில் அடிமண்டியைக் கொத்தும் விடலைக்கு நாலு கோழியின் மருந்து. ‘மருந்து கொடுத்தேன், வேலை செய்யவில்லை’ என்று வரும் புகாரில் பாதி இந்தத் தட்டின் அடியில்தான் கிடக்கிறது.

உங்களிடம் 22 உருப்படிதானே? வாயிலேயே ஊற்றிவிடலாம். முக்கால் மணி நேர வேலை.

கணக்கு பாருங்கள். 2.5% என்றால் ஒரு மி.லி.யில் 25 மி.கி. கிலோவுக்கு 20 மி.கி. வேண்டுமென்றால் கிலோவுக்கு 0.8 மி.லி.

பெட்டை ஒன்றரை கிலோ: 1.2 மி.லி.
சேவல் இரண்டரை கிலோ: 2 மி.லி.
விடலை 800 கிராம்: 0.65 மி.லி.

மொத்தம் 24 மி.லி. போதும். ஒரு முப்பது மி.லி. பாட்டிலில் முடிந்துவிடும்.

இதே கடையில் 10% பாட்டிலும் இருக்கும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் கேட்கிறவர்கள் வாங்குவது. பாட்டில், நிறம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதை எடுத்து இதே 1.2 மி.லி. ஊற்றினால் நாலு மடங்கு. மூடியைத் திறக்கும் முன் சதவீதத்தை வாய்விட்டுப் படியுங்கள். மனிதருக்கான 10 மி.லி. சிரப்பில் 400 மி.கி. இருக்கும், அதாவது மி.லி.க்கு 40. அதை வைத்திருந்தால் கிலோவுக்கு அரை மி.லி.

சிறுவிடை_மேலூர்
வாயில் ஊற்றும் விதத்தையும் சொல்லிவிடுங்கள் அக்கா. மருந்தால் சாகாத கோழி ஊற்றும் விதத்தால் செத்துப்போகும்.

முற்றத்துக்கோழி
சரி. ஊசி கழற்றிய 2 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, விடலைக்கு 1 மி.லி. ஒன்று. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் பாட்டிலைக் குலுக்க வேண்டும்.

விடியற்காலை, கூண்டைத் திறக்கும் முன் பிடியுங்கள். இருட்டில் கோழி அடங்கிப் போகும், துரத்த வேண்டியதில்லை. இறக்கையோடு சேர்த்து இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகின் இரு ஓரத்தையும் பிடித்துத் திறவுங்கள். நாக்கின் அடியோரத்தில், நடுவில் ஒரு சின்னக் கீறல் திறந்து மூடும். அது மூச்சுக்குழல். மருந்து அங்கே போகக்கூடாது. உணவுக்குழல் கோழியின் வலப்பக்கமாக இறங்குகிறது. சிரிஞ்ச் நுனியைக் கோழியின் இடது வாயோரத்தில் நுழைத்து, வலப்புறமாகச் சாய்த்து, நாக்கைத் தாண்டி வைத்து, கால் மி.லி. கால் மி.லி.யாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் விழுங்கட்டும். தலையை அண்ணாக்க வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் நுரையீரலுக்குள் போகும். இருமினாலோ தலையை உதறினாலோ உடனே அலகை விட்டுவிடுங்கள், அதுவே உதறித் தள்ளும்.

எடைக்குக் கொக்கித் தராசு போதும். துணிப்பையில் கோழியை வைத்து மாட்டுங்கள். கையால் தூக்கி ‘ஒன்றரை இருக்கும்’ என்று சொல்வது இறகை எடை போடுவது. மெலிந்த கோழியும் இறகால் குண்டாகத் தெரியும்.

ஊற்றிய கோழியின் காலில் ஒரு நூலோ கம்பளிக் கயிறோ கட்டுங்கள். 22இல் எது ஆனது எது ஆகவில்லை என்று பத்தாவது கோழியிலேயே குழப்பம் வரும்.

பண்ணைக்கணக்கு
22க்கு வாயில் ஊற்றலாம், 150க்கு முடியாது. அங்கே என்ன செய்வது என்று யாராவது தேடி வந்தால்:

தண்ணீரில் என்றால் கரையும் மருந்து, அதாவது லெவமிசோல் அல்லது பைப்பரசின். முதல் வேலை மேய்ச்சலை நிறுத்துவது. வெளியே விட்டால் சாக்கடையிலும் மாட்டுத் தொட்டியிலும் குடித்துவிட்டு வந்து கசப்புத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது. காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு, ஒரு நாள் குடிக்கும் தண்ணீரில் கால் பங்கில் முழு மருந்தையும் கலந்து, நாலு மணி நேரத்தில் தீரும்படி வைக்க வேண்டும். வளர்ந்த நாட்டுக்கோழி நாளுக்குச் சுமார் 200 மி.லி. குடிக்கும், வெயிலில் இரட்டிப்பு. கூண்டுக்காரனின் மந்தைக்கே சொன்னால், மொத்த எடை சுமார் 30 கிலோ. 25 மி.கி. வீதம் 750 மி.கி. லெவமிசோல். 30% பவுடர் என்றால் இரண்டரை கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில்.

தீவனத்தில் என்றால் ஆல்பெண்டசோல் அல்லது ஃபென்பெண்டசோல். காலைத் தீனியில் மூன்றில் ஒரு பங்கு குருணை, தவிடு எடுத்து லேசாக ஈரப்படுத்தி, மருந்தை முதலில் ஒரு கைப்பிடியில் பிசைந்து, பிறகு மிச்சத்தோடு கலக்க வேண்டும். நேரடியாக மூட்டையில் கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில் கட்டியாக நிற்கும். தட்டு நிறைய வேண்டும், பத்துக் கோழிக்கு மூன்று வீதம். ஒரே தட்டு என்றால் பெரிய சேவல் இரண்டும் தின்று முடிக்கும், மெலிந்தது ஒதுங்கி நிற்கும். மருந்து வேண்டியது அந்த ஒதுங்கி நிற்பதற்குத்தான்.

கரிசல்காடு
ஃபென்பெண்டசோல் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லையே. கடைக்காரர்கள் காட்டாததாலா? பனாக்கூர் என்ற பெயரில் கேட்டால் தெரியும். வெளிநாட்டில் முட்டைக்கோழிக்கென்றே குடிநீரில் கலக்கும் திரவம் இருக்கிறது, கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி., ஐந்து நாள். உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு இரண்டுக்கும். அதைப் படித்துவிட்டு இங்கே கிடைக்கும் மாட்டு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் போடாதீர்கள். அந்தத் திரவம் தண்ணீரில் சமமாக நிற்கும்படி செய்தது. இந்தத் தூள் ஆல்பெண்டசோல் மாதிரியே அடியில் படியும். தீவனத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வயிறு நிறையப் புழு இருக்கும் நோஞ்சான் கோழிக்கு என் தேர்வு இதுதான். பைப்பரசினும் லெவமிசோலும் உள்ளே இருக்கும் உருண்டைப்புழு முழுவதையும் ஒரே நேரத்தில் மரக்கச் செய்து உதிர்த்துவிடும். குடலில் ஐம்பது புழு பந்தாகச் சுருண்டால் அடைப்பு. மருந்து கொடுத்த மறுநாள் விடலை செத்துக்கிடப்பதில் இதுவும் ஒரு காரணம். ஃபென்பெண்டசோல் புழுவைப் பட்டினி போட்டு மெல்ல அழிக்கும்.

மருந்துக்கடை_நண்பர்
சரிதான், ஆனால் இறகு முளைக்கும் காலத்தில் இல்லை. ஃபென்பெண்டசோல், ஆல்பெண்டசோல் இரண்டும் ஒரே குடும்பம். செல் பிரிவதைத் தடுக்கும் வேலை புழுவில் மட்டும் நிற்காது, முளைக்கும் இறகிலும் கொஞ்சம் காட்டும். இறகு உதிர்க்கும் கோழிக்குக் கொடுத்தால் புது இறகு முறுக்கிக்கொண்டு, நுனி ஒடிந்து வரும். புறாவுக்கு இந்தக் குடும்பமே ஆபத்து, கோழி அளவை வைத்துப் புறாவுக்கு ஊற்றாதீர்கள். அடைக்கு முட்டை சேர்க்கும் பெட்டைக்கும், அடையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கும் தள்ளிப்போடுங்கள். கரு வளர்வதும் செல் பிரிவதுதானே.

கூண்டுக்காரன்22
காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசி அசைகிறது. மூன்று கோழியில். நாடாப்புழுதான். இதற்கு எது?

எச்சப்பரிசோதனை
பிராசிகுவாண்டல். கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தடவை. நாடாப்புழுவைத் தலையோடு கழற்றும்.

நம் ஊரில் கோழிக்கென்று தனியாகக் கிடைப்பது அரிது. நாய்க்கான குடற்புழு மாத்திரையில் இருக்கும், 10 கிலோ நாய்க்கு ஒன்று என்று வருகிற மாத்திரையில் வழக்கமாகப் பிராசிகுவாண்டல் 50 மி.கி. லேபிளில் கோழி என்று இராது. ஆகவே கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்குவதே முறை, முட்டை ஒதுக்கும் நாளையும் அவரே சொல்ல வேண்டும்.

அவர் ஒப்புக்கொண்டால் அளவு இப்படி வரும்: ஒரு மாத்திரையை நைஸாகப் பொடித்து, 5 மி.லி. தண்ணீரில் கலக்கினால் மி.லி.க்கு 10 மி.கி. ஆக, கிலோவுக்கு ஒரு மி.லி. பெட்டைக்கு ஒன்றரை. இதுவும் படியும், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் முன் கலக்குங்கள். மாத்திரையைக் கத்தியால் மூன்றாக வெட்டிக் கொடுப்பது துல்லியமில்லை.

இன்னொன்று. அந்த மாத்திரையில் பிராசிகுவாண்டலோடு பைரண்டலும், ஃபென்பெண்டசோல் அல்லது ஃபெபண்டலும் சேர்ந்தே இருக்கும். ஃபெபண்டலும் உடம்புக்குள் போய் ஃபென்பெண்டசோலாக மாறுவதுதான். ஆகவே இதைக் கொடுத்த வாரத்தில் ஆல்பெண்டசோலை மறுபடி ஊற்ற வேண்டாம். ஒரே குடும்பத்து மருந்தை இரண்டு தரம் கொடுத்ததாகிவிடும்.

சிறுவிடை_மேலூர்
நாடாப்புழு ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கோழி எச்சத்தைத் தின்று நாடாப்புழு வராது. எறும்பு, சாணவண்டு, வீட்டு ஈ, சில வகையில் நத்தை. இவை புழுவின் முட்டையைத் தின்று, அவற்றைக் கோழி தின்றால்தான் வரும். கூண்டை ஒட்டிக் குப்பைக்குழி இருந்தால் கோழி நாள் முழுக்க அதைத்தான் கிளறும். மருந்து கொடுத்த மூன்றாம் வாரம் மறுபடி அரிசி தெரிந்தால் மருந்தைத் திட்டும் முன் குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிந்திய குருணைக்கு எறும்பு வரும். தட்டை மேடையில் வையுங்கள், ராத்திரி தீனி மிச்சம் வைக்காதீர்கள்.

உருண்டைப்புழு வேறு கதை. அதற்கு இடையாள் வேண்டாம். எச்சத்தில் விழுந்த முட்டை, ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வரும். மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் வருடத்தையும் தாண்டிக் கிடக்கும். சுண்ணாம்பு தெளித்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், அதன் ஓடு கெட்டியானது. சாகடிப்பது காய்ந்த தரையும் வெயிலும்தான். கூண்டுத் தரை உமியைப் புரட்டி வறட்சியாக வையுங்கள், தண்ணீர்த்தட்டு சிந்தும் இடத்து உமியை மட்டுமாவது வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

முற்றத்துக்கோழி
மருந்து கொடுத்த பிறகு இரண்டு நாள் கூண்டிலேயே அடைத்து வையுங்கள். உதிரும் புழுவும் முட்டையும் ஒரே இடத்தில் விழும், வாரிக் குழியில் ஆழமாகப் புதைத்துவிடலாம். காலையில் கொடுத்துவிட்டு அப்போதே மேய விட்டால், உள்ளே இருந்ததை முற்றம் முழுக்க விதைத்த மாதிரி.

வேப்பங்காற்று
இவ்வளவு ரசாயனம் தேவையா? வேப்பிலை, பூண்டு, குப்பைமேனி அரைத்து உருண்டையாகக் கொடுத்தால் போதாதா? பப்பாளி விதையும் சொல்கிறார்கள்.

எச்சப்பரிசோதனை
ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பப்பாளிப் பாலில் இருக்கும் நொதி உருண்டைப்புழுவின் தோலைச் செரிக்கும், இது சோதனையில் தெரிந்தது. ஆனால் பாலுக்குச் சொன்னதை விதைக்கும் இலைக்கும் நீட்ட முடியாது. பால் அதிகமானால் கோழியின் குடலையும் புண்ணாக்கும். பாக்கில் இருக்கும் அரிகோலின் ஒரு காலத்தில் நாய்க்கு நாடாப்புழு மருந்தாகவே இருந்தது, விஷ அளவுக்கும் மருந்து அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால்தான் கைவிட்டார்கள். பூண்டை உருண்டைப்புழுவுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் குறையவில்லை.

மூலிகை உருண்டை கொடுப்பதில் தடையில்லை. ஆனால் கொடுத்தபின் எச்சத்தில் புழு முட்டை குறைந்ததா என்று பாருங்கள். முன்னால் ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை. பாட்டில் மருந்துக்கும் இதே சோதனைதான். ஒரே மருந்தை வருடக்கணக்கில் குறை அளவில் ஊற்றினால் பழகிப்போன புழுதான் மிஞ்சும். வான்கோழியின் உருண்டைப்புழு ஃபென்பெண்டசோலுக்கு மசியாமல் போனது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

வேப்பங்காற்று
அந்த இரண்டு சோதனை யோசனை நியாயமாக இருக்கிறது. செய்து பார்க்கிறேன்.

பண்ணைக்கணக்கு
முட்டை கேள்வி அப்படியே நிற்கிறது. லேபிளில் எத்தனை நாள் என்று இருந்தால் அதுதான். கோழிக்கென்று நாள் குறிக்காத மருந்து என்றால், நம் நாட்டு மருந்து விதிப்படி முட்டைக்கு 7 நாளுக்கும் கறிக்கு 28 நாளுக்கும் குறையக்கூடாது. நான் எண்ணுவது கடைசி மருந்து கொடுத்த நாளிலிருந்து. ஐந்து நாள் மருந்து என்றால் ஐந்தாம் நாளிலிருந்து. ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சேவல்கொண்டை
இடையில் ஒரு கேள்வி. என் மந்தையில் ஐந்து வாரக் குஞ்சு, எச்சத்தில் ரத்தம். பூச்சி மருந்து ஊற்றலாமா?

மருந்துக்கடை_நண்பர்
கூடாது சார், நேரம் போய்விடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது, ரத்தம் வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தக்கழிச்சல். அது புழு இல்லை, காக்சிடியா என்ற நுண்ணுயிர். ஆல்பெண்டசோல், லெவமிசோல் ஒன்றும் கேட்காது. ஆம்ப்ரோலியம் 20% பவுடர் என்றால் லிட்டருக்கு 1.2 கிராம், 5 முதல் 7 நாள், வேறு தண்ணீர் வைக்காமல். அந்த நாட்களில் பி காம்ப்ளக்ஸ் டானிக் கொடுக்காதீர்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே வைட்டமின் பி1 போல நடித்துத்தான். நீங்கள் நிஜத்தை ஊற்றினால் அது தோற்றுப்போகும். இன்றே மருந்தகத்தில் காட்டுங்கள், முடியாவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள்.

கரிசல்காடு
அதே மாதிரி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் கோழியைப் பார்த்து ‘தொண்டைப்புழு’ என்று இணையத்தில் படித்ததைச் சொல்வார்கள். நம் பக்கம் பெரும்பாலும் சளிதான். கண்ணில் நீர் வழிந்து, ஓயாமல் கண்ணைச் சொறிந்தால் மட்டும் இமையின் உள்மூலையை விலக்கிப் பாருங்கள், நூல் மாதிரி நெளிந்தால் கண்புழு. கரப்பான் தின்று வருவது. வாய்வழி மருந்தோடு முடியாது, டாக்டர் எடுத்துவிட வேண்டும்.

கூண்டுக்காரன்22
பரிசோதனை முடிவு வந்தது. உருண்டைப்புழு முட்டை நிறைய, குருட்டுக்குடல் புழு கொஞ்சம். நாடாப்புழு முட்டை இல்லை என்றுதான் போட்டிருக்கிறார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. மருந்தக டாக்டர் நாய் மாத்திரையை எழுதிக்கொடுத்தார், கிலோவுக்கு 10 மி.கி. பிராசிகுவாண்டல் கணக்கில். எல்லாவற்றுக்கும் கொடுக்கச் சொன்னார், அரிசி தெரிந்த மூன்றுக்கு மட்டும் இல்லை. முட்டை 14 நாள் ஒதுக்கச் சொன்னார். இரண்டு சந்தேகம். அடுத்து எப்போது? பிப்ரவரி முகாமில் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி போட வேண்டும், இரண்டும் மோதாதா?

முற்றத்துக்கோழி
மோதாதபடி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாகப் பூச்சி மருந்து. புழு தின்று இளைத்த கோழிக்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாகப் பிடிக்காது. அன்றைக்கே இரண்டையும் செய்தால் கோழிக்கும் அலைச்சல். முகாம் பிப்ரவரி முதல் பாதி என்றால் ஜனவரி கடைசி வாரத்தில் மருந்து ஊற்றினால் சரியாக இருக்கும். குஞ்சுக்கும் இதே கணக்குதான். எட்டாம் வாரத்து ஊசிக்கு முன், ஏழாம் வாரத்தில் முதல் பூச்சி மருந்து.

இப்போது கொடுப்பதற்கு மூன்று வாரம் கழித்து ஒருமுறை. குடல் சுவரில் ஒளிந்திருந்த உருண்டைப்புழு அதற்குள் வெளியே வந்திருக்கும். மேய்ச்சல் கோழிக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. ஐப்பசி மழை முடிந்ததும் ஒன்று தவறக்கூடாது, ஈரத்தில் புழு பெருகியிருக்கும். நடுக்கோடையில் எச்சம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பண்ணைக்கணக்கு
கடைக்காரர் கூடவே லிவர் டானிக், வைட்டமின் என்று இரண்டு பாட்டில் எடுத்து வைப்பார். கட்டாயம் இல்லை. உருண்டைப்புழு வைட்டமின் ஏ குறைந்த கோழியில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. அதற்கு முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

கூண்டுக்காரன்22
நன்றி. கடைசியாக ஒன்று, மாத்திரைக் கரைசல் மிச்சமானால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்கலாமா? 30 கிலோவுக்கு ஆறு மாத்திரை வருகிறது. முப்பது மி.லி. ஒரே மூச்சில் ஊற்றி முடிப்பேனா தெரியவில்லை.

எச்சப்பரிசோதனை
வேண்டாம். ஆறையும் ஒரே நேரத்தில் பொடிக்காதீர்கள். இரண்டு மாத்திரை, பத்து மி.லி., ஆறு பெட்டை. முடிந்ததும் அடுத்த இரண்டு. சேவலுக்குத் தலா இரண்டரை மி.லி., அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கத்தான் நேரமாகும்.

சிறுவிடை_மேலூர்
கம்பளி நூலை மறந்துவிடாதீர்கள்.